கொடி மாறிய நகரும் மொழி மாறிய பிள்ளைகளும்



பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கொண்டு வணிகம் நடத்திய ஒல்லாந்தரை நம் நாடு நன்கறியும். அவர்கள் அமெரிக்கக் கிழக்குக் கரையிலும் ஒரு குடியேற்றம் கண்டனர். இன்று நியூயார்க்கு என வழங்கும் பெருநகர் அவர்கள் கையினின்று ஆங்கிலேயர் கைக்குச் சென்ற வரலாறு, மொழிப்பற்றுடையார் அனைவரும் எண்ணிப் பார்க்கத் தக்கதாகும்.

1609-இல் ஒல்லாந்தர் பணியில் இருந்த என்றி அட்சன் என்னும் ஆங்கிலேயக் கடலோடி அங்குள்ள பேராற்றில் கலம் செலுத்தினான். 1621-இல் தோன்றிய ஒல்லாந்த மேற்கிந்தியக் குழுமம் 1624 முதல் அங்குக் குடிகளை அமர்த்திற்று. மன்காட்டன் தீவு 60 கில்டர் பெறுமான பண்டத்திற்கு வாங்கப்பட்டதென 1626-ஆம் ஆண்டு மடல் ஒன்று கூறுகிறது. அம்மண்ணுக்குரிய இலெனாப்பே மக்களே முதலில் இழந்தவர்கள் என்பதை மறத்தலாகாது.

தீவின் தென்முனையில் புது ஆம்சுட்டர்டாம் எழுந்தது. ஆயின் அதனை ஆண்டது அரசன்று. ஊதியமே குறியாகக் கொண்ட வணிகக் குழுமம். விலங்குத் தோலுக்குக் கணக்கு இருந்தது. குடிகளின் குரலுக்குச் செவி இல்லை. 1649-இல் குடிமக்கள் தம் குறைகளை எழுதித் தாய்நாட்டிற்கே முறையிட்டனர். 1647 முதல் ஆளுநராக இருந்தவர் மரக்கால் பூண்ட பீட்டர் சுடைவசண்டு. அஞ்சாதவர், ஆனால் பிறர் சொல் கேளாதவர்.

1664-இல் ஆங்கில அரசர் இரண்டாம் சார்லசு, ஒல்லாந்தர் வாழ்ந்த அந்நிலத்தைத் தம் உடைமைபோலத் தம்பி சேம்சுக்கு வழங்கினார். நான்கு போர்க்கலங்களுடன் இரிச்சர்டு நிக்கல்சு துறைமுகத்தை வளைத்தான். பணிந்தால் நன்மையுண்டு என வந்த மடலைச் சுடைவசண்டு கிழித்தெறிந்தார். மக்களோ அதனை ஒட்டவைத்துப் படித்தனர். போர் வேண்டா என்று 93 பேர் கையொப்பமிட்டனர். அவர்களுள் ஆளுநரின் மகனும் ஒருவன்! வெடிமருந்தும் குறைவு; துணைநின்று போரிடுவாரும் இலர். செப்டம்பரில் ஒரு குண்டும் வெடியாமல் நகர் கைமாறிற்று. தன் குடிகளைப் பங்காளிகளாக எண்ணாத ஆட்சிக்காக எவர் உயிர் கொடுப்பர்?

அடிபணிவு உடன்பாட்டில் நிலத்திற்குக் காப்பு இருந்தது. வழிபாட்டிற்குக் காப்பு இருந்தது. மரபுரிமை வழக்கிற்கும் காப்பு இருந்தது. மொழிக்கு மட்டும் ஒரு வரியும் இல்லை! கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை போலும்.

தாய்நாடும் கைவிட்டது. 1667-இல் பிரெடா உடன்பாட்டில் ஒல்லாந்தர் கரும்பு விளையும் சுரினாமை வைத்துக்கொண்டு இந்நகரை விட்டுக்கொடுத்தனர். 1673-இல் படைகொண்டு மீட்டும், அடுத்த ஆண்டே திருப்பியளித்தனர்.

எனினும் மொழி உடனே மாயவில்லை. வீட்டிலும் கோயிலிலும் நூறாண்டு வாழ்ந்தது. ஆனால் அலுவலும் வழக்குமன்றமும் வணிகமும் ஆங்கிலமாயின. பிள்ளைகள் பிழைப்புக்குரிய மொழியையே போற்றினர். இளையோர்க்கு முன்னோர் மொழி விளங்காமற் போகவே, 1764-இல் அந்நகர ஒல்லாந்தக் கோயிலிலேயே ஆங்கிலச் சொற்பொழிவு தொடங்கிற்று. சிற்றூர்களில் மட்டும் அது மேலும் நீடித்தது. 1782-இல் கிண்டர்கூக்கு என்னும் சிற்றூரில் பிறந்து, 1837-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான மார்ட்டின் வான் பியூரன் முதலிற் பேசியது ஒல்லாந்த மொழியே. இன்றோ புரூக்ளின், ஆர்லெம் போன்ற ஊர்ப்பெயர்களே அங்கு அம்மொழிக்கு நினைவுக் கற்களாய் நிற்கின்றன.

பெருமக்களே! இழந்த நகரை ஒன்பதே ஆண்டில் ஒல்லாந்தர் ஒருமுறை மீட்டனர். பிள்ளைகளின் நாவினின்று போன மொழியை எந்தப் போர்க்கலமும் மீட்டுத் தரவில்லை. நிக்கல்சின் படை அம்மொழியைக் கொல்லவில்லை. பேசவேண்டியவர்கள் பேசாது விட்டதே அதனைக் கொன்றது. நிலத்தையும் பொருளையும் காக்க உறுதிமொழி கேட்போர், மொழிக்கும் அதனை முதலிலேயே கேட்டல் வேண்டும். கேட்டதோடு நில்லாமல், நாள்தோறும் தம் பிள்ளைகளோடு அதனைப் பேசுதலும் வேண்டும்.