வேட்பாளரின் மதமா, வேலையா?

(கிள்ளான் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேர்தல் வந்தால், வேட்பாளர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்ற பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. நமது அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவு, நாடாளுமன்ற உறுப்பினருக்குக் குடியுரிமையும் வசிப்பிடமும் வயதும் கேட்கிறது, மதம் கேட்கவில்லை.

2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூர் வீதிகளில் நம்மவர் பல்லாயிரவர் நீதி கேட்டுத் திரண்டனர். அடுத்த மார்ச் மாதம், 2008 பொதுத் தேர்தல். கிள்ளானை அடுத்த கோத்தா ராஜா, இந்தியர் வாக்கு கணிசமாக உள்ள தொகுதி. அங்கே ம.இ.கா.வின் விக்னேஸ்வரனைத் தோற்கடித்தவர் யார்? இஸ்லாமியக் கட்சியான பாஸ் நிறுத்திய டாக்டர் சித்தி மரியா! 2013-இலும் அவரே வென்றார். மதம் ஒன்றே ஓட்டைத் தீர்மானிக்குமானால் இது நடந்திருக்குமா?

ஆகவே, ஒருவரின் வழிபாடு அவருடைய சொந்த விஷயம். ஆனால் அதைச் சட்டமாக்கிப் பிறர்மீது சுமத்துவாரா என்று கேட்பது நமது உரிமை. தைப்பூசத்தன்று நம் கோயில் வாசலில் மாலையோடு நிற்பவரையும் விடாதீர்கள். "தோட்டம் விற்கப்பட்டால் எங்களுக்கு வீடு உண்டா? கூலி உயரக் குரல் கொடுப்பீரா?" என்று கேளுங்கள்.

பதிலைக் கேட்டு ஓட்டுப் போடுவோம், தோழர்களே!