தனியுரிமை என்பது யாது?
(விரிஞ்சிபுரத்தில் ஆற்றிய பொழிவு)



தனியுரிமையைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லுக்குத் 'தனியொருவர்க்கான சட்டம்' என்பதே வேர்ப்பொருள். அதற்குச் சான்று தேடி உரோமைக்குச் செல்லவேண்டா. இவ்வூர் வழித்துணைநாதர் கோயிற் கல்வெட்டே போதும்.

சகம் 1347 (கி.பி. 1425–26), தேவராயன் ஆட்சி. படைவீட்டு நாட்டுப் பார்ப்பனர், கன்னடரும் தமிழரும் தெலுங்கரும் இலாளரும், கூடி உடன்பட்டுக் கையெழுத்திட்டனர்: மணத்திற்குப் பொன் கொடுத்தாரும் பொன் கொண்டாரும் அரச ஒறுப்புக்குரியர், குலத்தினின்றும் நீக்கப்படுவர். பெண்ணுக்கு விலைபேசாமை நன்றே! ஆயினும், ஒரு குலம் தனக்கென வகுத்துக்கொண்ட கட்டளைக்கு நாட்டு வேந்தன் கோலன்றோ காவலாயிற்று? ஏனையோர்க்கு அவ்வாவணத்தில் ஒரு சொல்லும் இல்லை.

அத்தகைய தனிச்சட்டமே கருவறை வாயிலிலும் நின்றது. 1970இல் தமிழ்நாட்டரசு பூசகரின் வழிவழியுரிமையை ஒழித்தது. 1972இல் உச்சநீதிமன்றம் அதனை ஏற்றது; ஏற்றும், ஆகமத் தடையை அகற்றிற்றில்லை. 2021இல் பயிற்சி பெற்ற பிற குலத்தார் சிலர் பூசகராக அமர்த்தப்பெற்றனர். வழக்குகளும் உடன் தொடர்ந்தன.