பாலக்குறிச்சி கற்பித்த பாடம்



மனித மேம்பாட்டியலைப் பல்கலைக்கழகப் பாடமாக்குவது எவ்வாறு? விடை திருத்துறைப்பூண்டிக்கு வெகுதொலைவில் இல்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைச் சிற்றூர்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் ஆகியவற்றைக் கேட்டெழுதச் செய்தார். 1918இல் வெளியான அத்தொகுப்பில் இடம்பெற்ற ஊர்களுள் கீழ்வேளூர்ப் பகுதியின் பாலக்குறிச்சியும் ஒன்று.

யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக விளங்கிய மால்கம் ஆதிசேஷையா, தாயகம் திரும்பி 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அந்நிறுவனத்தின் எஸ். குகன் 1980களில் பாலக்குறிச்சியை மறு ஆய்வு செய்தார்.

உழைப்பவர் வீட்டில் உலை கொதித்ததா, பிள்ளை பள்ளி சென்றதா என்று தலைமுறைதோறும் திரும்பச் சென்று கேட்பதே இப்பாடத்தின் அடித்தளம்.

திருவாரூரில் 2009 முதல் மத்தியப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. அங்கிருந்து கேட்டறிய வரும் மாணவருக்குத் திண்ணையில் இடமளித்து, உள்ளதை உள்ளவாறு சொல்வதும் கல்விக்கொடையே.