வெள்ளுடைக்குள் ஒரு தொழிலாளி

(ஒரகடத்தில் நடைபெற்ற தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முறை முடிந்தும் வீட்டிற்குச் செல்லாமல், கையில் சோற்றுத் தூக்கோடு இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். காரும் சரக்குந்தும் மோட்டார் சைக்கிளும் செய்து அனுப்பிவிட்டு வந்திருக்கும் உங்களிடம், தொழிற்சாலையைப் பற்றித்தான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இன்று பேச வந்தது தொழிற்சாலையைப் பற்றி அன்று. தொழிற்சாலையில் அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோமே, அந்த மருத்துவமனையைப் பற்றி. அங்கும் மருத்துவரைப் பற்றி அன்று, செவிலியரைப் பற்றி.

செவிலியருக்கும் ஒரகடத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. 500 தொழிலாளருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் முதலுதவி அறையொன்று இருக்க வேண்டும், அதில் மருத்துவரும் செவிலியரும் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. எந்திரம் ஓடும் இடத்தில் செவிலியரின் கை வேண்டும் என்பதை அன்றே சட்டம் ஒப்புக்கொண்டது. 2021 டிசம்பர் மாதத்தை நினைவுகூருங்கள். திருப்பெரும்புதூரில் கைப்பேசி செய்யும் பெண் தொழிலாளர்கள், விடுதி உணவு நஞ்சாகி, 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் படுத்தார்கள். அவர்களுடைய தோழிகள் பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து நியாயம் கேட்டார்கள். அந்தச் செய்தி உலகெங்கும் போயிற்று. சாலையில் அமர்ந்தவர்களை நாடு பார்த்தது. கட்டிலருகே நின்று மருந்து நீர் ஏற்றிய பெண்களை யார் பார்த்தார்கள்?

நாம் பார்க்கவில்லை. நான் பார்க்கவில்லை. அதை முதலில் ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

ஆண்டுகள் சில ஆயின. எந்திரத்தில் விரல்கள் நசுங்கிய தோழர் ஒருவரை நள்ளிரவில் மருத்துவமனை ஒன்றுக்குத் தூக்கிச் சென்றோம். வார்டு நிறைந்து, தரையிலும் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். நோயாளிகள் நாற்பது பேருக்குக் குறையமாட்டார்கள், செவிலியர் இருவர். உடனே ஓடி வரவில்லை என்பதற்காக நான் குரலை உயர்த்தினேன். "நான் யார் தெரியுமா?" என்று கேட்டேன். தோழர்களே, தொழிலாளிக்காக மேடையில் முழங்கும் அதே வாயால்தான் கேட்டேன்! மூத்த செவிலியர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "ஐயா, என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கையை மேலே தூக்கிப் பிடியுங்கள், இரத்தம் நிற்க வேண்டும்" என்றார். நான் பிடித்தேன்.

விடியற்காலையில் பார்த்தேன். அந்த அம்மையார் சுவரில் சாய்ந்து நின்றபடி, காலணியைக் கழற்றி வீங்கிய காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உட்கார நாற்காலி இல்லை. அவருடைய சோற்றுத் தூக்கு, இரவெல்லாம் திறக்கப்படாமல் மேசை மூலையில் கிடந்தது. அன்றுதான் எனக்கு உறைத்தது: நான் மிரட்டியது ஓர் அலுவலகத்தை அன்று, என்னைப் போன்ற ஒரு தொழிலாளியை!

பட்டம் எதற்கு?

செவிலியரை நாடு எப்படி அழைக்கிறது? தேவதை என்கிறது. தியாகச் சுடர் என்கிறது. நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த மே 12-ஆம் நாளன்று மேடை போட்டு மெழுகுவத்தி ஏற்றுகிறது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். தேவதைக்குப் பசி உண்டா? வீட்டு வாடகை உண்டா? மகப்பேறு விடுப்பு வேண்டுமா? ஒருவரைத் தேவதை என்று சொல்லிவிட்டால், அவருக்குக் கூலி எவ்வளவு என்று கேட்க வேண்டிய கடமை நமக்கு இல்லாமல் போய்விடுகிறது. புகழ்மொழியே சம்பளமாகிவிடுகிறது!

வள்ளுவர் இப்படி ஏமாற்றவில்லை. மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில், மருத்துவம் என்பது நான்கு கூறு உடையது என்று கணக்கிட்டுச் சொன்னார். நோயாளி ஒன்று, மருத்துவர் ஒன்று, மருந்து ஒன்று, உடனிருந்து மருந்து கொடுத்துப் பேணுபவர் ஒன்று. நான்கில் ஒரு பங்கு! அந்தப் பங்குக்கு நம் நாடு கொடுத்த விலையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கணக்கைப் பாருங்கள்

2015-ஆம் ஆண்டில், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய தேர்வில் வென்று, ஆயிரக்கணக்கான செவிலியர் தமிழக அரசு மருத்துவமனைகளில் சேர்ந்தனர். கொல்லைப்புற வழியாக வந்தவர்கள் அல்லர். தேர்வு எழுதி வந்தவர்கள். அவர்களுக்குத் தரப்பட்டது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். நாளொன்றுக்கு 260 ரூபாய்கூட இல்லை. அதே வார்டில், அதே ஊசியை, அதே நோயாளிக்குப் போடும் நிரந்தரச் செவிலியருக்கு அதைப்போலப் பல மடங்கு. இரண்டாண்டு கழித்து நிரந்தரம் என்ற நம்பிக்கையோடு உழைத்தனர். இரண்டாண்டு கடந்தது, நம்பிக்கைதான் மிச்சம். 2017 நவம்பர் இறுதியில், சென்னைத் தேனாம்பேட்டையில் உள்ள மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் பெருந்திரளாக வந்து அமர்ந்தார்கள். பணிக்குத் திரும்புமாறு உயர்நீதிமன்றம் கூறியது, திரும்பினார்கள். ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்வி திரும்பவில்லை. ஊதியம் பின்னர் 14,000 ஆயிற்று, 18,000 ஆயிற்று. பகுதி பகுதியாக நிரந்தரமும் வந்தது. எவரும் இரங்கிக் கொடுத்ததன்று. அவர்கள் எழுந்து கேட்டதால் வந்தது.

அடுத்து வந்தது கொரோனா. 2020-இல் தாயைப் பிள்ளை தொடத் தயங்கிய நாளில், காற்றுப் புகாத கவச உடைக்குள் வியர்வையில் நனைந்து நின்று நோயாளியைத் தொட்டவர்கள் செவிலியர்கள். அவர்களுக்காக நாடே கைதட்டிற்று, தட்டை அடித்தது. அவசரத்துக்கு என ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டவர்களில் 2,300-க்கும் மேற்பட்டோருக்கு, 2022 டிசம்பர் 31-ஆம் நாளோடு ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லப்பட்டது. புத்தாண்டு அவர்களுக்குத் தெருவில் பிறந்தது. போராட்டம் எழுந்த பிறகே, மாவட்ட நலவாழ்வுச் சங்கங்களின் வழியே மாற்றுப் பணி தரப்படும் என்ற அறிவிப்பு வந்தது. ஆட்சிகள் மாறின, ஒப்பந்தம் என்னும் சொல் மட்டும் மாறவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் இதை நாம் சொல்லத்தான் வேண்டும்.

தனியார் மருத்துவமனைகளின் நிலை இதினும் கடுமை. அதனால் உச்சநீதிமன்றம் 2016 சனவரியில் குழு அமைக்கச் சொன்னது. 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனை, அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும். 50 படுக்கைக்குக் குறைந்ததாயினும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டுச் சுரைக்காய். அது கறிக்கு உதவ வேண்டுமானால் தெருவில் இறங்க வேண்டும். அண்டை மாநிலமான கேரளத்தில் செவிலியர் சங்கமாகத் திரண்டார்கள், 2017-இல் போராடினார்கள், 2018 ஏப்ரலில் 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியம் என்ற அரசாணையைப் பெற்றார்கள். அதே பரிந்துரை, அதே நாடு. அங்கே சங்கம் இருந்தது!

ஊதியம் மட்டுமா?

பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர், பயிற்சி மருத்துவமனையில் மூவருக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் மன்றம் வகுத்த அளவு. நாற்பது பேருக்கு இருவர் நின்ற வார்டை நான் கண்டேன். ஆள் குறைந்தால் குறைவது அவருடைய உறக்கம் மட்டுமன்று. நம் உயிருக்கான காவலும் குறைகிறது. களைத்த கை ஊசியைத் தவறவிட்டால், அது அவர் விரலிலேயே குத்தும். மஞ்சள் காமாலையின் கிருமி அவர் இரத்தத்தில் ஏறும். களைத்த கண் சீட்டைத் தவறாகப் படித்தால், மருந்தின் அளவு மாறும். ஆகவே செவிலியரின் பணிச்சூழல் என்பது நோயாளியின் பாதுகாப்பே ஆகும்.

2023 ஏப்ரலில், ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது நாம் கொதித்தெழுந்தோம். மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. நல்லது. ஆனால் எத்தனையோ மருத்துவமனைகளில் இரவு முறை 12 மணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறதே, அதைக் குறித்து நாம் வாய் திறந்தோமா? 2021-இல் கடைத் தொழிலாளருக்கு உட்காரும் உரிமை தந்தது தமிழகம். துணிக்கடையில் நிற்கும் பெண்ணுக்குக் கிடைத்த நாற்காலி, நோயாளியைத் தூக்கிப் புரட்டி முதுகு ஒடியும் பெண்ணுக்கு வேண்டாமா?

மருத்துவப் பணியாளரைத் தாக்குவோரைத் தண்டிக்க 2008-ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் சட்டம் வந்தது. சட்டம் இருந்தும் வார்டுகளில் வசைமொழி ஓயவில்லை. வசைபாடுவோர் யார்? வேற்று நாட்டார் அல்லர். துயரத்தில் இருக்கும் நாம்தான். நம் அண்ணன், நம் தம்பி. சில வேளைகளில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு செல்வாக்கைக் காட்ட வரும் நம் கட்சிக்காரர். கட்டில் இல்லை, மருந்து இல்லை, ஆள் இல்லை என்ற குற்றங்களுக்கெல்லாம் காரணமானவர் தொலைவில், குளிர்ந்த அறையில் இருக்கிறார். எதிரே நிற்பவர் செவிலியர் என்பதால், அடி அவர்மேல் விழுகிறது!

என்ன செய்யப் போகிறோம்?

2024-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள், செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் வெயிலிலும் மழையிலும் அமர்ந்திருந்ததை நீங்கள் அறிவீர்கள். முதன்மையாக அவர்கள் கேட்டது, சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமை. 2025 சனவரியில் சங்கம் பதிவாயிற்று. அந்த உரிமையின் அருமை இந்த மண்ணுக்குத் தெரியும். தெரிந்த நாம், தெரியாதவர் போல வார்டு வாசலைக் கடந்து செல்லலாமா?

ஆகவே மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். முதலாவது, செவிலியர் கோரிக்கை வைத்து அமரும்போது, அவர்கள் பந்தலில் ஆலைத் தொழிலாளியும் போய் அமர வேண்டும். 'நோயாளியைத் தவிக்கவிட்டார்கள்' என்ற பழி அவர்கள்மேல் வீசப்படும் வேளையில், நோயாளியாக நாளை படுக்கப்போகும் நாமே எழுந்து, 'எங்களுக்காகத்தான் கேட்கிறார்கள்' என்று சொன்னால், அந்தப் பழி நிற்காது. இரண்டாவது, நம் சங்கங்கள் நிர்வாகத்தோடு பேசும்போது, ஆலையின் முதலுதவி அறையில் எத்தனை செவிலியர், யாருடைய ஒப்பந்தத்தில், எத்தனை மணி நேரம் என்று கேட்க வேண்டும். மூன்றாவது, மிக எளியது. எனக்கு மிகக் கடினமாக இருந்தது. மருத்துவமனைக்குள் நுழையும்போது 'நான் யார் தெரியுமா' என்ற கேள்வியை வாசலில் விட்டுவிட்டு, 'நீங்கள் சாப்பிட்டீர்களா, அம்மா?' என்று கேளுங்கள்.

அன்றிரவு நான் அதைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேளுங்கள், தோழர்களே! அந்தத் தூக்கைத் திறந்து உண்பதற்கு அவருக்கு அரை மணி நேரம் கிடைக்கும் நாள் வரை, நம் போராட்டம் முடியவில்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.