கதவைத் தாழிடாத பதவி



ரோமானியக் குடியரசு என்றதும் சீசரைக் கத்தியால் குத்திய கதைக்கு ஓடிவிடுகிறோம். நாடகம் பார்த்த பழக்கம்! நான் அதற்கு 450 ஆண்டுகள் முன்னால் போகிறேன்.

மன்னன் டார்குவினைத் துரத்தியது கி.மு. 509-இல் என்பது ரோமானிய மரபு. மன்னனுக்குப் பதில் இரண்டு கான்சல்கள், பதவி ஓராண்டு, ஒருவர் கையை மற்றவர் பிடித்துத் தடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான். யாருக்கு? பெட்ரீசியன் என்ற உயர்குடிக் குடும்பங்களுக்கு! போர்முனையிலிருந்து திரும்பிய எளிய பிளபியன், அதாவது உயர்குடி சாராத குடிமகன், கடனில் கிடந்தான். கட்ட முடியாதவனைக் கட்டிவைத்து வேலை வாங்கலாம் என்பது அன்றைய வழக்கம். வாக்கு இருந்ததே என்பீர்கள். கான்சலைத் தேர்ந்த சபையில் 193 வாக்குப் பிரிவுகள். குதிரை வீரர்களும் முதல் வகுப்புச் செல்வர்களும் சேர்ந்தாலே 98. சொத்தில்லாத அத்தனை பேருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று!

கி.மு. 494-இல் பிளபியன்கள் நகரைவிட்டு வெளியேறி ஒரு குன்றின்மேல் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எதிரி வந்தால் வாளெடுக்க ஆளில்லை. மூத்தோர் சபையான செனட் இறங்கி வந்தது. அப்போது பிறந்ததுதான் பிளபியன்களுக்கே உரிய ட்ரிப்யூன் பதவி.

அந்தப் பதவியின் அழகைக் கேளுங்கள். ட்ரிப்யூனுக்குப் படை கிடையாது. ஆனால் கான்சலின் ஆணையையே 'தடுக்கிறேன்' என்று ஒரு சொல்லால் நிறுத்தலாம். அவர்மேல் கை வைப்பது தெய்வக் குற்றம். நகரைவிட்டு வெளியே இரவு தங்கக் கூடாது. வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்தே இருக்க வேண்டும். அடிபட்டவன் எந்நேரமும் ஓடிவருவானே!

கி.மு. 133. டைபீரியஸ் கிராக்கஸ் என்ற ட்ரிப்யூன், பொதுநிலத்தை வளைத்துப்போட்ட செல்வர்களிடமிருந்து மீட்டு ஏழைகளுக்குப் பங்கிட முனைந்தார். குறுக்கே தடை போட்ட சக ட்ரிப்யூன் ஆக்டேவியஸைப் பதவியிலிருந்தே இறக்கினார். அதுவும் மரபு மீறல்தான், மறைக்க மாட்டேன். ஆனால் பதில் என்ன தெரியுமா? செனட்டர்களே ஆட்களைத் திரட்டி வந்து, உடைந்த இருக்கைக் கால்களால் அவரை அடித்துக் கொன்று டைபர் ஆற்றில் வீசினார்கள். குடியரசு விழுந்த நாள் எது என்று கேட்டால், சீசர் செத்த நாளை அல்ல, இந்த நாளைத்தான் காட்டுவேன். தளபதிகள் சுல்லாவும் சீசரும் ரோம்மீது படையோடு வந்தது பிறகுதான்.

கடைசியில் முதல் பேரரசர் அகஸ்டஸ். அவர் பெட்ரீசியன்; ட்ரிப்யூன் ஆகவே முடியாது. கி.மு. 23-இல் அந்தப் பதவி இல்லாமலே அதன் அதிகாரத்தை மட்டும் வாழ்நாள் முழுமைக்கும் வாங்கிக்கொண்டார். கான்சல்கள் ஆண்டுதோறும் வந்தார்கள், செனட் கூடியது. பேரரசரோ தம் ஆட்சியாண்டுகளை எண்ணியதே அந்த ஏழைகளின் அதிகாரத்தை வைத்துத்தான்!