ஒரே வித்தின் பிள்ளைகள்



மனித இனங்கள் தனித்தனி மூதாதையரிடமிருந்து தோன்றின என்று 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க அறிஞர் சிலர் வாதாடினார்கள். பிலடெல்ஃபியாவில் டாக்டர் மார்ட்டன் மண்டை ஓடுகளை அளந்து இனங்களைத் தரம் பிரித்தார். அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கணக்கு வசதியாகப் போயிற்று. பிறவிப் பிரிவைத் தேடும் அளவுகோல் நம் நாட்டுக்கும் வந்தது. சென்னை அருங்காட்சியகத் தலைவர் எட்கர் தர்ஸ்டன் சாதிவாரியாகத் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார்.

இதற்குப் பதில் நாம் பிழைக்க வந்த இந்த ஐதராபாத்திலேயே இருக்கிறது. ஹப்சிகுடா சி.சி.எம்.பி. ஆய்வுக்கூடத்தின் தங்கராஜும் லால்ஜி சிங்கும் அமெரிக்க விஞ்ஞானிகளோடு சேர்ந்து 25 சமூகங்களின் மரபணுவை ஆராய்ந்து, 2009இல் வெளியிட்டார்கள். பழங்கால மக்கள் கலந்தே இந்தியச் சமூகங்கள் உருவாயின என்று அது காட்டியது. அந்தக் கலப்பு சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை நடந்தது, பிறகே சாதிக்குள் மணம் இறுகியது என்று 2013 ஆய்வு சொன்னது. கலந்த அந்த மக்களும் ஆப்பிரிக்காவில் தோன்றிய ஒரே மனித குலத்தின் கிளைகளே.

வந்த ஊரில் நம்மை வேறு பிறவியாகப் பார்த்தால் நமக்குக் கோபம் வருகிறது, நியாயமே. ஆனால் பெண் பார்க்கும்போது முதலில் சாதியைக் கேட்பவர்கள் கையிலிருப்பதும் தர்ஸ்டனின் அளவுகோல்தான். நம் சங்கத்துப் பிள்ளைகள் சாதி கடந்து மணம் செய்தால், நாம் குடும்பத்தோடு போய் முதல் பந்தியில் உட்காருவோம்.