பராரி: ஒரு சொல், இரு பொருள்



சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழர், தெலுங்கு நாளேடுகளில் 'நிந்திதுடு பராரி' என்னும் தலைப்பை அடிக்கடி காண்பர். புதிதாகக் குடியேறியவர், குற்றம் சாட்டப்பட்டவன் வறியவன் போலும் என்று இரங்கக்கூடும். தமிழில் 'பஞ்சைப் பராரி' என்றால் உண்ண உணவும் ஒண்ட இடமும் அற்றவன் அன்றோ? தெலுங்கிலோ அத்தலைப்பின் பொருள் வேறு. குற்றம் சாட்டப்பட்டவன் பிறர் அறியாமல் தப்பி ஓடிவிட்டான் என்பதே அது.

இரண்டும் ஒரே சொல்தான். தப்பி ஓடுதலைக் குறிக்கும் அரபுச் சொல் ஒன்று பாரசீகத்தின் வழியாக உருதுவில் 'ஃபரார்' என வழங்கிற்று. ஓடியவன் 'ஃபராரி'. நம் இரு மொழிகளும் அதன் முதலெழுத்தைப் பகரமாக்கிக் கொண்டன. தெலுங்கு ஓட்டத்தை வைத்துக்கொண்டது. தமிழ் ஓடியவனின் ஏழ்மையை வைத்துக்கொண்டது.

ஓட்டம் எவ்வாறு வறுமையாயிற்று? நவாபு ஆட்சியிலும், 1801இல் கர்நாடகப் பகுதி கும்பினியார் கைக்கு வந்த பின்னரும், 1911இல் சித்தூர் மாவட்டம் அமைவதற்கு முன் அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வட ஆற்காட்டிலும், வசூல், பாக்கி, ஜப்தி, ஜமாபந்தி ஆகிய சொற்களே குடியானவனின் வாழ்வை நிருணயித்தன. மழை பொய்த்தது, தீர்வை குறையவில்லை. கட்ட வழியற்ற குடிகள் ஏரையும் மனையையும் விட்டு இரவோடிரவாக ஊரை நீங்கியதுண்டு. கணக்கில் அவன் ஓடிப்போனவன். அடுத்த ஊரில் அவன் ஒன்றுமில்லாதவன். இவ்விரு நிலைகளுக்கும் இடையே பொருள் பெயர்ந்திருத்தல் கூடும் என்று நாம் கருதுகிறோம்.

மொழிபெயர்ப்பில் தெலுங்குப் 'பராரி'க்கு நாம் 'தலைமறைவு' என எழுதுகிறோம். பொருள் சரியே. எனினும் தலைமறைவானவன் குற்றவாளியே என்று உடன் முடிவு கட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் தலைமறைவாகப் பணியாற்றிய தேசத் தொண்டர்களை நாம் போற்றவில்லையா? ஓடியது ஒன்றே குற்றத்தை மெய்ப்பிக்காது. குற்றமற்றவனும் அச்சத்தால் ஓடக்கூடும் என்பதை நம் நீதிமன்றங்களும் பலமுறை எடுத்துரைத்துள்ளன.

இது வெறும் அகராதி ஆராய்ச்சியன்று. 2015 ஏப்ரல் 7ஆம் நாள், திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறப்பட்ட இருபது தமிழர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தாக்கப்பட்டதால் சுட்டோம் என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்புகள் அதனை ஏற்கவில்லை. மாண்டவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் ஏழைக் கூலிகள். அத்தகைய கூலித் தொழிலாளி காட்டிருளில் ஓடும்போது தெலுங்கு ஏடு அவனைப் 'பராரி' என்று எழுதும். அச்செய்தியைத் தமிழில் சொல்பவர் 'தலைமறைவு' என்பார். அவன் தமிழ்ப் பொருளிலும் பராரியே என்பது அந்த மொழிபெயர்ப்பில் மறைந்துவிடும்.

இரு மொழிகளின் எல்லையில் வாழும் நமக்கு இரு பொருளும் தெரியும். ஆகவே தெலுங்குச் செய்தியை வீட்டாருக்கோ ஊராருக்கோ படித்துச் சொல்லுகையில், ஓடினான் என்பதோடு நிறுத்திவிடாமல், எதற்கு அஞ்சி ஓடினான் என்றும் கேட்கப் பழகுவோமாக.